மர்ம விலங்கா, முடி கொட்டிய நரியா?

சொறிநாய் என்று சொன்னதும் தமிழில் யாருக்கும் ஓர் உருவம் மனதில் வந்துவிடும். முடி கொட்டி, தோல் தடித்துச் சாம்பல் பூத்து, விலா எலும்பு எண்ணும்படி இருக்கும். காது மட்டும் பெரிதாகத் தெரியும், வால் எலிவால் போலத் தொங்கும். தெருவில் பார்த்துப் பழகியதால் அது நாய்தான் என்பதில் நமக்குச் சந்தேகமே வருவதில்லை. அதே நோய் ஒரு காட்டு நரிக்கு வந்து, விடியற்காலை அரையிருட்டில் அது ஆட்டுப்பட்டிப் பக்கம் நடந்து போனால்? நரி என்றால் செம்பழுப்பு மயிரும் புசுபுசுவென்ற வாலும்தான் நமக்குத் தெரியும். அந்த இரண்டும் இல்லாத ஒன்றுக்குப் பெயர் தேடும்போது மர்ம விலங்கு பிறந்துவிடுகிறது.

யாரும் எலும்பை எண்ணிப் பார்த்து விலங்கை அடையாளம் காண்பதில்லை. நிறம், மயிர், உருவ அளவு, நிற்கும் விதம், நடை, பார்த்த இடம், பார்த்த நேரம் என்று ஏழெட்டு அடையாளங்களை ஒரே நொடியில் சேர்த்துத்தான் “இது கீரி”, “இது மரநாய்” என்கிறோம். முக்கியமான ஒன்று விடுபட்டால், மற்ற எல்லாம் சரியாக இருந்தும் பெயர் வராது. அந்த வெற்றிடத்தில் ஏற்கெனவே கேள்விப்பட்ட கதை வந்து உட்கார்ந்துகொள்ளும். இதில் பார்த்தவர் பொய் சொல்கிறார் என்று நினைக்க வேண்டிய அவசியமே இல்லை. பெரும்பாலும் அவர் கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார். ஆகவே ஆராய்பவர்கள் “இது என்ன புது விலங்கு?” என்று தொடங்குவதில்லை. “தெரிந்த விலங்குகளில் எதற்கு, எது போய்விட்டால் இப்படித் தெரியும்?” என்று தொடங்குகிறார்கள்.

ஆட்டின் ரத்தம் குடிப்பதாகச் சொல்லப்பட்டது

சுபகாப்ரா என்பது ஸ்பானியச் சொல். ஆட்டை உறிஞ்சுவது என்று பொருள். 1995இல் கரீபியக் கடலின் புவேர்ட்டோ ரிக்கோ தீவில் ஆடுகளும் கோழிகளும் உடலில் துளைகளோடு செத்துக் கிடந்தபோது இந்தப் பெயர் பரவியது. அந்த ஆண்டு ஆகஸ்டில் கனோவனாஸ் என்ற ஊரில் ஒருவர் சொன்ன வர்ணனைதான் முதல் உருவப்படம்: இரண்டு காலில் நிற்கும், பெரிய கண், முதுகில் வரிசையாக முட்கள். அமெரிக்க ஆய்வாளர் பெஞ்சமின் ராட்ஃபோர்ட் பல ஆண்டுகள் இதன் பின்னால் அலைந்து, 2011இல் முடிவை வெளியிட்டார். அந்த 1995 கோடையிலேயே திரைக்கு வந்த ஓர் அறிவியல் புனைவுப் படத்தின் உயிரியோடு அந்த வர்ணனை அச்சாகப் பொருந்துவதை அவர் காட்டினார்.

கதை அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்துக்குப் போனதும் உருவம் மாறிவிட்டது. இரண்டு கால் நான்கானது, முதுகு முள் காணாமல் போனது. இப்போது சுபகாப்ரா என்றால் மயிரே இல்லாத, நீலச்சாம்பல் தோலுடைய, நாய் போன்ற ஒன்று. இந்த வகைக்கு ஒரு பெரிய நன்மை உண்டு: உடல் கிடைத்தது. 2007இல் டெக்சஸின் குவேரோ என்ற ஊரருகே கிடைத்த உடலின் திசுவை டெக்சஸ் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் டிஎன்ஏ சோதனை செய்தார்கள். விடை: கொயோட்டி. நம் ஊர்க் குள்ளநரியைவிடச் சற்றுப் பெரிய, வட அமெரிக்கா முழுதும் சாதாரணமாகத் திரியும் நாயினம்.

கொயோட்டியை அப்படி ஆக்கியது சார்கோப்டிஸ் என்ற சிற்றுண்ணி. நீளம் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. பெண் உண்ணி தோலின் மேலடுக்கில் சுரங்கம் போலக் குடைந்துகொண்டே போய், நாளுக்கு இரண்டு மூன்று முட்டை இடும். இரண்டு மூன்று வாரத்தில் அடுத்த தலைமுறை தயாராகிவிடும். உண்ணியும் அதன் கழிவும் தோலில் கடும் ஒவ்வாமையைக் கிளப்ப, விலங்கு ஓயாமல் சொறிந்தும் கடித்தும் தன் தோலைப் புண்ணாக்கிக்கொள்ளும். மயிர் கொட்டும், தோல் தடித்து மடிப்பு விழும், புண்ணில் பாக்டீரியா ஏறி நாற்றமடிக்கும். மனிதருக்கு வரும் சிரங்குக்கும் இதே உண்ணியின் இன்னொரு வகைதான் காரணம். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் பாரி ஓ'கானர் தரும் விளக்கம் கவனிக்கத்தக்கது: மனிதரோடு இந்த உண்ணி நெடுங்காலமாக வாழ்கிறது, அதனால் நம் உடல் அதை ஓரளவு கட்டுப்படுத்துகிறது, மனிதரிடமிருந்து நாய்க்கும், நாயிடமிருந்து காட்டு நாயினங்களுக்கும் போனபோது அவற்றுக்கு அந்தப் பழக்கம் இல்லை. அதனால்தான் சொறி அவற்றை உருக்குலைத்துவிடுகிறது.

மயிர் போன நாயினத்தை ஒருமுறை கிட்டத்தில் பாருங்கள். கழுத்து மயிர் போனதால் கழுத்து நீள்கிறது. காதுக்கு முன்பிருந்த மயிர் போனதால் காது இரண்டு மடங்கு பெரிதாகத் தெரிகிறது. முதுகெலும்பின் முனைகள் துருத்தி நிற்பதால் முதுகில் முள் இருப்பதாகத் தோன்றுகிறது. உதட்டுத் தோல் தடித்துச் சுருங்கும்போது கோரைப்பல் வெளியே வந்துவிடுகிறது. உடல் மெலிந்ததால் கால்கள் நீளமாகத் தெரிகின்றன. இத்தனையும் ஒரே நோயின் வேலை.

நடத்தையும் இதனால் மாறும். பலவீனமான விலங்கால் முயலையோ மானையோ துரத்த முடியாது. கட்டிப் போட்ட ஆடும் கூண்டுக் கோழியும்தான் கைக்கு எட்டும் இரை. இரவில் குளிர் தாங்காமல் பகலில் வெயிலுக்கு வரும். ஆகவே நோயுற்ற விலங்கைத்தான் மனிதர் அதிகம் பார்க்கிறார்கள், அதுவும் செத்த ஆட்டின் பக்கத்திலேயே.

சரி, ரத்தம் எங்கே போனது? நாயினம் தொண்டையைக் கவ்விக் கொல்லும். கோரைப்பற்கள் பதிந்த இடத்தில் துளை மட்டும் தெரியும், ஆடு மூச்சுத் திணறி இறக்கும், ரத்தக்கசிவு பெரும்பாலும் தோலுக்கு அடியிலேயே நின்றுவிடும். இதயம் நின்றதும் ரத்தம் அழுத்தம் இழந்து, உடல் கிடக்கும் பக்கத்தில் கீழே இறங்கி உறைந்துவிடும். சில மணி நேரம் கழித்து மேல்பக்கத்தைக் கீறிப் பார்ப்பவர் “ஒரு சொட்டு ரத்தம் இல்லை” என்பார். ஆட்டைப் புரட்டி அடிப்பக்கத்தை அறுத்திருந்தால் கருஞ்சிவப்பாக உறைந்து கிடப்பது தெரிந்திருக்கும். இப்படிப்பட்ட சாவுகளில் கால்நடை மருத்துவரின் உடற்கூறாய்வு ஒன்றுதான் நம்பத்தக்கது. வெளியிலிருந்து பார்த்து ரத்தத்தின் அளவைச் சொல்ல யாராலும் முடியாது.

கரையொதுங்கிய உடல்

1977 ஏப்ரலில் நியூசிலாந்தின் கிரைஸ்ட்சர்ச் நகருக்குக் கிழக்கே, சுயியோ மாரு என்ற ஜப்பானிய மீன்பிடிக் கப்பலின் வலையில் சுமார் 10 மீட்டர் நீளமும் 1,800 கிலோ எடையும் கொண்ட அழுகிய உடல் ஒன்று ஏறியது. சிறிய தலை, நீண்ட கழுத்து, நான்கு துடுப்பு. பிடித்த மீன் கெட்டுவிடும் என்று அஞ்சி அதைக் கடலிலேயே தள்ளிவிட்டார்கள். அதற்கு முன் சில படங்கள் எடுத்தார்கள், துடுப்பிலிருந்து நார்கள் கொஞ்சம் வெட்டி வைத்தார்கள். டைனோசர் காலத்தில் கடலில் வாழ்ந்த நீள்கழுத்து ஊர்வனவான பிளீசியோசார் இன்னும் உயிரோடு இருக்கிறது என்று ஜப்பானியப் பத்திரிகைகள் பரபரத்தன. அந்த நார்களின் அமினோ அமிலங்களைப் பகுத்தபோது அவை பாஸ்கிங் சுறாவின் துடுப்பு நாரோடு ஒத்துப்போயின. அந்த நாலு நாரும் இல்லாவிட்டால் விவாதம் இன்றும் முடிந்திருக்காது.

பாஸ்கிங் சுறா உலகின் இரண்டாவது பெரிய மீன். வாயை அகலத் திறந்துகொண்டு நீந்தி, மிதவை உயிர்களைச் செவுளால் வடிகட்டித் தின்னும். தலையைச் சுற்றி வளைத்தாற்போல் பெரிய செவுள்கள், அவற்றின் கீழே தளர்வாகத் தொங்கும் தாடை. சுறாவுக்கு எலும்பு கிடையாது, எல்லாம் குருத்தெலும்பு. செத்து அழுகத் தொடங்கியதும் முதலில் கழன்று விழுவது தாடையும் செவுள் வளையங்களும்தான். மிஞ்சுவது சின்னஞ்சிறு மண்டையோடும் அதை உடலோடு இணைக்கும் முதுகுத்தண்டும். பார்ப்பவருக்கு அது சிறு தலையும் நீண்ட கழுத்தும். சுறாவின் வாலில் முதுகுத்தண்டு மேல் மடலுக்குள் மட்டும்தான் ஓடுகிறது. கீழ்மடல் தாங்கல் இல்லாமல் விழுந்துவிட, வால் சாட்டை போல மெலிந்து நீள்கிறது. துடுப்பு நார்கள் பிரிந்து பிடரிமயிராகத் தெரிகின்றன.

ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஓர்க்னித் தீவுக்கூட்டத்தில் ஸ்ட்ரான்சே என்ற தீவில் 1808இல் ஒதுங்கிய உடலுக்கு ஆறு கால்கள் இருந்ததாக நேரில் கண்டவர்கள் உறுதியாகச் சொன்னார்கள். அவர்கள் எண்ணியது சரியே. மார்புத் துடுப்பு இரண்டு, இடுப்புத் துடுப்பு இரண்டு. ஆண் சுறாவாக இருந்தால் இடுப்பருகே விரல் போல நீளும் புணர்ச்சி உறுப்புகள் இரண்டு. ஆக ஆறு. பிடரிமயிரும் இருந்ததாகச் சொன்னார்கள், அதுவும் சரிதான். லண்டனின் உடற்கூறியலாளர் எவரார்ட் ஹோம் அதன் முதுகுத்தண்டுக் கண்ணிகளைத் தெரிந்த சுறாவின் கண்ணிகளோடு ஒப்பிட்டு பாஸ்கிங் சுறா என்று முடிவு சொன்னார். 55 அடி என்று அளந்த நீளம் மட்டும் அந்தச் சுறாவுக்கு அதிகம். அளவில் பிழை என்றார்.

எலும்பே இல்லாத வெள்ளைக் குவியலாக ஒதுங்குபவை வேறு வகை. 2003இல் சிலி நாட்டுக் கரையில் 12 மீட்டர் நீளத்தில் ஒன்று கிடந்தபோது ராட்சத ஆக்டோபஸ் என்ற பேச்சு கிளம்பியது. டிஎன்ஏ சோதனையில் ஸ்பெர்ம் திமிங்கலம் என்று தெரிந்தது. திமிங்கலம் செத்து மிதக்கும்போது எலும்புக்கூடு தோலைக் கிழித்துக்கொண்டு கடலடிக்குப் போய்விடும். கொழுப்பும் கொலாஜன் நாரும் கலந்த மேலுறை மட்டும் மிதந்து கரைக்கு வரும்.

சிறிய விலங்குக்கும் கடல் இதையே செய்கிறது. 2008 ஜூலையில் நியூயார்க்கின் லாங் ஐலண்ட் கரையில் கிடந்த “மாண்டாக் அரக்க”னுக்கு அலகு இருப்பதுபோல் தெரிந்தது. நீரில் ஊறி மயிர் கொட்டி, மூக்குப் பகுதியின் சதை போய், மேல்தாடையின் முன்பற்களும் விழுந்து எலும்பு முனை வெளியே தெரிந்ததுதான் அந்த அலகு. பல் அமைப்பையும் நீண்ட விரல்களையும் வைத்து அது ரக்கூன் என்ற வட அமெரிக்கச் சிறு விலங்கு என்று விலங்கியலாளர் டேரன் நெய்ஷ் விளக்கினார்.

நிமிர்ந்து நிற்பவை

மனிதன்தான் இரண்டு காலில் நிற்பான் என்ற எண்ணம் நம்மில் ஊறிப்போயிருக்கிறது. எனவே வேறு எது நிமிர்ந்து நின்றாலும் பாதி மனிதனாகிவிடுகிறது. 2023 ஜூலையில் சீனாவின் ஹாங்சோ விலங்குக் காட்சிச்சாலையில் ஒரு சூரியக் கரடி பின்னங்காலில் நின்ற காணொளி பரவியபோது, ஆள்தான் கரடி வேடம் போட்டு நிற்கிறான் என்று பலர் நம்பினார்கள். பின்புறத்தில் தொங்கிய தோல் மடிப்பு அவர்களுக்குக் கால்சட்டையாகத் தெரிந்தது. பட்டப்பகலில், கரடி என்று பலகை வைத்த இடத்திலேயே இந்தக் குழப்பம் என்றால், அடர்காட்டில் மாலை மங்கலில் என்ன ஆகும்? அமெரிக்காவிலும் கனடாவிலும் கருங்கரடி அதிகமுள்ள பகுதிகளில்தான் பிக்ஃபுட் என்ற மயிரடர்ந்த ராட்சத மனித உருவைக் கண்டதாகச் சொல்பவர்களும் அதிகம் என்று 2024இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. இமயமலையின் “யெட்டி” என்ற பனிமனிதனுடையவை என்று மடாலயங்களிலும் சேகரிப்புகளிலும் காத்துவந்த எலும்பு, பல், தோல், மயிர், சாணம் என 9 மாதிரிகளை 2017இல் மரபணு ஆய்வாளர் ஷார்லட் லிண்ட்க்விஸ்டின் குழு ஆராய்ந்தது. 8 கரடி, 1 நாய்.

நம் நாட்டில் இந்த வகையில் அதிகம் அவதிப்படுவது கூகைதான். 2017இல் விசாகப்பட்டினத்தில் கட்டுமானத்தில் இருந்த கட்டடமொன்றில் “வேற்றுக்கிரகவாசிகள்” என்று பரவிய காணொளியில் இருந்தவை கூகைக் குஞ்சுகள். இறகு முளைக்காத பருவத்தில் அவற்றுக்கு இதய வடிவ வெளிறிய முகம், கறுத்த கண், நீண்ட வெறுங்கால்; மிரண்டால் நிமிர்ந்து நின்று பாம்பு போலச் சீறும், உடலை இருபக்கமும் ஆட்டும். வளர்ந்த கூகையும் பாழடைந்த வீட்டிலும் கோயில் கோபுரத்திலும் தங்கும். அடிப்பக்கம் வெள்ளை. சிறகின் முன்விளிம்பில் சீப்புப் பல் போன்ற அமைப்பு காற்றொலியை உடைத்துவிடுவதால் பறப்பது காதில் விழாது. வெள்ளையாக ஒன்று சத்தமில்லாமல் தலைக்கு மேல் போய், சட்டென்று தொண்டை கிழிய அலறினால் யாருக்கும் குலை நடுங்கும். எலியைத் தின்று வயலைக் காக்கும் பறவை அது. பேய் என்று எண்ணிக் கல்லெறிபவர்கள் தங்கள் நெல்லுக்கே தீங்கு செய்கிறார்கள்.

கடலில் நிமிர்ந்தவள் கடற்கன்னி. 1493 ஜனவரியில் கொலம்பஸ் மூன்று கடற்கன்னிகளைக் கண்டதாகவும், ஓவியங்களில் உள்ள அழகு அவற்றுக்கு இல்லை என்றும் குறித்தார். கரீபியக் கடலில் அவர் கண்டவை மனாட்டி என்ற கடல் பாலூட்டிகள். அவற்றின் உறவினமான கடற்பசுவை நம் பாக் நீரிணை மீனவர்கள் ஆவுளியா என்பார்கள். பெண்ணுக்குப் பால்காம்பு முன்துடுப்பின் அக்குளில் இருக்கும். மூச்சுவிடத் தலையை மட்டும் நீருக்கு மேல் தூக்கும். 2022இல் தமிழக அரசு பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரை அதற்கெனக் காப்பகமாக அறிவித்தது.

தூரம் செய்யும் பிழை

பொதுவாக நடக்கும் பிழை உருவ அளவில்தான். 30 மீட்டரில் நிற்கும் 25 செ.மீ. உயரக் கறுப்புப் பூனையும், 80 மீட்டரில் நிற்கும் 65 செ.மீ. உயரக் கருஞ்சிறுத்தையும் கண்ணுக்குக் கிட்டத்தட்ட ஒரே அளவில்தான் தெரியும். நடுவே மரமோ வேலியோ இல்லாத வெட்டவெளியில் தூரத்தைக் கண் ஊகிக்கத்தான் செய்யும், அந்த ஊகம் தவறினால் பூனை சிறுத்தையாகிவிடும். இங்கிலாந்தின் போட்மின் மேட்டுநிலத்தில் கருஞ்சிறுத்தை திரிவதாகப் புகார் பெருகியபோது 1995இல் அரசு விசாரித்தது. படமும் காணொளியும் எடுத்த அதே இடங்களில் அளவுக்கோலை நிறுத்தி மறுபடி படமெடுத்தார்கள். பெரும்பூனை என்று சொல்லப்பட்டவற்றில் சில வீட்டுப் பூனை அளவுக்கு இறங்கிவிட்டன. சிறிது நாளில் ஆற்றில் ஒரு சிறுத்தை மண்டையோடு கிடைத்தது. உண்மையான சிறுத்தைதான். ஆனால் தோல்விரிப்புக்காகப் பின்பகுதி வெட்டப்பட்டிருந்தது, உள்ளே வெப்பமண்டலக் கரப்பான்பூச்சியின் முட்டைக்கூடு. வெளிநாட்டிலிருந்து விரிப்பாக வந்த தலை.

தடமும் இப்படித்தான் ஏமாற்றும். பனியில் பதிந்த தடம் வெயிலில் விளிம்பு உருகி விரியும், நகக்குறி அழியும். கரடி நடக்கும்போது முன்கால் பதிந்த இடத்தின்மேல் பின்கால் விழுந்து, இரண்டும் சேர்ந்து ஒரே நீண்ட பாதம் போல் ஆகிவிடும். வேறுபாடு காண ஓர் எளிய வழி: மனிதனுக்குப் பெரிய விரல் உள்பக்கம், கரடிக்கு வெளிப்பக்கம். ஊருக்குள் சிறுத்தை வந்ததாகச் சந்தேகம் வந்தால் நகக்குறியைப் பாருங்கள். நாய்க்கு நகம் பதியும். சிறுத்தை நகத்தை உள்ளிழுத்து நடப்பதால் பதியாது, குதிகால் மெத்தையின் பின்விளிம்பு மூன்று வளைவாக இருக்கும். சேற்றில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். வழுக்காமலிருக்கச் சிறுத்தையும் நகத்தை ஊன்றுவதுண்டு. ஒரே தடத்தை நம்பாமல் வரிசையாகப் பத்துத் தடமாவது பார்க்க வேண்டும்.

கண்ணில் பட்டால்

அந்த நொடியில் கிட்டே போகாதீர்கள். பகலில் தள்ளாடித் திரியும் நரிக்குச் சொறி மட்டுமல்ல, வெறிநோயும் இருக்கலாம். கடித்தாலோ பிராண்டினாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே தடுப்பூசிக்குப் போக வேண்டும். சொறி உண்ணி தொட்டவர் தோலிலும் சில நாள் அரிப்பைக் கிளப்பும், வீட்டு நாய்க்கு ஒட்டிக்கொண்டால் நிலைத்துவிடும்.

படம் எடுத்தால் ஒன்றோடு நிறுத்தாமல் விலங்கு போன பிறகு, நின்ற இடத்திலிருந்து நகராமல், ஜூமை மாற்றாமல் இன்னொரு படம் எடுங்கள். இந்த முறை அது நின்ற அதே இடத்தில் ஒருவரை ஒரு மீட்டர் கோலோடு நிறுத்துங்கள். அந்த ஒரு படம் ஆயிரம் வர்ணனைக்குச் சமம். தடத்தைப் பக்கவாட்டில் எடுக்காமல் நேர் மேலிருந்து, அருகில் அளவுகோல் வைத்து எடுக்க வேண்டும். அளவுகோல் இல்லையென்றால் ஒரு ரூபாய் நாணயம் போதும். பார்த்ததை அங்கேயே, மற்றவரிடம் பேசுவதற்கு முன் எழுதிவிடுங்கள். நான்கு பேர் பேசிக் கலந்த பிறகு நான்கு பேரும் ஒரே விலங்கைப் பார்த்திருப்பார்கள்.

செத்த உடல் என்றால் பல்லைத்தான் முதலில் படமெடுக்க வேண்டும். நாயினத்துக்குப் பெரும்பாலும் 42 பல், பூனையினத்துக்குப் பெரும்பாலும் 30. தோலும் சதையும் போனாலும் பல் வரிசை மாறாது. காட்டு விலங்கின் உடலையோ பாகத்தையோ வீட்டுக்கு எடுத்துப் போவது 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வனத்துறைக்குச் சொல்லிவிட வேண்டும், மாதிரி எடுப்பது அவர்கள் வேலை. மயிரை வேரோடு எடுத்து உலர்ந்த காகித உறையில் வைப்பார்கள். பிளாஸ்டிக் உறையில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். ஹைதராபாத்தில் உள்ள லாகோன்ஸ் ஆய்வகம் போன்ற இடங்களில் இதிலிருந்து இனத்தைச் சொல்லிவிட முடியும். சோதனையில் “இனம் தெரியவில்லை” என்று வந்தால் புது விலங்கு என்று பொருளில்லை. டிஎன்ஏ சிதைந்துவிட்டது, அல்லது தொட்டவரின் டிஎன்ஏ கலந்துவிட்டது என்பதே வழக்கமான காரணம்.

சொறி பிடித்த விலங்கு என்று உறுதியானால் ஐவர்மெக்டின் மாத்திரையை இறைச்சியில் வைத்துப் போடும் யோசனை சிலருக்கு வரும். வேண்டாம். மருந்தின் அளவு உடல் எடையைப் பொறுத்தது, கோலி போன்ற சில நாய் வகைகளுக்கு அதே மருந்து உயிரையே எடுத்துவிடும். அந்த இறைச்சியை யார் தின்னும் என்று உங்களால் உறுதி சொல்ல முடியாது. வன உயிரின மருத்துவரிடம் போய்ச் சேர்ந்த விலங்குக்கு உண்ணிக்கு மருந்து, புண்ணுக்கு மருந்து, ஊட்டமான தீனி என்று சில வாரம் ஓடும். முதலில் தோலின் தடிப்பு உரிந்து இளஞ்சிவப்பாகும், பிறகு மெல்லிய மயிர் அரும்பும். மாதங்கள் போனால் காது பழைய அளவுக்குச் சுருங்கியதுபோல் தோன்றும், முதுகு முள் மறையும், வால் புசுபுசுவென்று நிறைந்துவிடும்.